ஒருவழிக் கம்பி இருவழியான வரலாறு

வீட்டிலுள்ள கணிப்பொறி ஒன்றைக் கேபிள் மோடம் வாயிலாக இணையத்தோடு சேர்ப்பது அரைமணி நேர வேலை. தொலைக்காட்சிக்காகச் சுவரோரமாக வந்திருக்கும் வட்டக் கம்பியை ஸ்ப்ளிட்டர் என்னும் பிரிப்பானில் திருகி, ஒரு கிளையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மற்றொரு கிளையை மோடத்துக்கும் விட்டு, மோடத்திலிருந்து கணிப்பொறிக்கு ஒரு சிறு கம்பி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. மோடத்தின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் சற்று நேரம் சிமிட்டிப் பின்னர் நிலைத்து எரியும். அவ்வளவே. ஆயினும் அந்தக் கம்பி முதன்முதலில் வீட்டுக்குள் வந்தது இதற்காக அன்று. பிறர் அனுப்பும் படத்தைப் பார்ப்பதற்காக மட்டுமே வந்தது. பார்ப்பவன் திரும்ப ஒரு சொல் அனுப்ப அதில் வழியே இல்லாதிருந்தது. கேட்பதற்காக மட்டும் இழுத்த கம்பி மறுமொழி சொல்லும் கம்பியாக எவ்வாறு மாறிற்று, அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, மாறிய பின் அது யார் வாசலுக்குள் நுழைந்தது, யார் வாசலைத் தாண்டிச் சென்றது என்பவற்றை நம் இளைஞர்கள் அறிவது நன்று எனக் கருதி இதனை எழுதுகிறோம். இவ்வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது. ஆகவே அந்நாட்டிலேயே வைத்துச் சொல்வதே முறை.

முதலில் கம்பியைப் பார்ப்போம். வெளிப்பார்வைக்கு அது விரல் பருமன்கூட இல்லாத ஒரு கறுப்புக் கயிறு. வெட்டிப் பார்த்தால் நடுவே ஓர் உலோகக் கம்பி. அதைச் சுற்றி வெண்மையான காப்புப் பொருள். அதன்மேல் உலோகத் தகட்டுறையும் வலையும். எல்லாவற்றுக்கும் வெளியே மேலுறை. நடுக்கம்பிக்கும் உலோக உறைக்கும் அச்சு ஒன்றே. அதனால்தான் அதற்குக் கோஆக்சியல் கேபிள் என்று பெயர். மின்னலை அவ்விரண்டுக்கும் இடையே அடைபட்டுச் செல்கிறது. வெளி இரைச்சல் உள்ளே புகாது. உள்ளே செல்வது வெளியே கசியாது. கம்பி நல்ல நிலையில் இருக்கும்வரை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சிறு நிபந்தனை பின்னாளில் பெருந்தொல்லை கொடுத்தது.

இவ்வகைக் கம்பிக்கு 1880-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆலிவர் ஹெவிசைடு என்பவர். 1850-இல் இலண்டன் மாநகரின் காம்டன் டவுன் பகுதியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழிலாளி. சிறுவயதில் கண்ட காய்ச்சலால் ஹெவிசைடின் செவிப்புலன் குன்றியது. பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. தந்தி வேலை பார்த்தார். 1874-இல் அதையும் விட்டுவிட்டு வீட்டில் அமர்ந்து கணக்கும் மின்னியலும் தாமே பயின்றார். மின்காந்தவியலில் மாக்ஸ்வெல் கண்ட கோட்பாட்டை இன்று கல்லூரிகளில் நான்கு சமன்பாடுகளாகக் கற்பிக்கிறார்களே, அந்த வடிவைச் சமைத்தவர்களுள் தலையானவர் இவரே. பல்கலைக்கழக வாசலை மாணவராக மிதிக்காத இவரை 1891-இல் இராயல் சொசைட்டி தன் உறுப்பினராக ஏற்றது. இதைச் சொல்வதால், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளை பள்ளிக்கு வராமலிருக்க நாமே ஒரு சாக்கு எடுத்துக் கொடுப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டா. ஹெவிசைடு படிப்பை நிறுத்தவில்லை. பள்ளிதான் அவரை நிறுத்திற்று.

அவர் காலத்தில் அக்கம்பிக்குப் பெரிய பயன் இல்லை. 1929-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்டு டி.யின் பொறியாளர்கள் லாய்டு எஸ்பென்ஷீடு, ஹெர்மன் ஆஃபெல் ஆகிய இருவரும் ஒரே கம்பியில் ஏராளமான அலைவரிசைகளை ஒருங்கே செலுத்தும் முறைக்கு விண்ணப்பித்தனர். 1936-இல் நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே அதற்குச் சோதனை நடந்தது. ஒற்றையடிப் பாதையாக இருந்த கம்பி அப்போதுதான் பல தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையாயிற்று. ஆனால் அந்தச் சாலை நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே ஓடியது. வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்லர். சிற்றூர்க் கடைக்காரர்களும் வானொலிப் பழுது பார்ப்பவர்களுமே.

பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப்பகுதியில் மஹனாய் சிட்டி என்றோர் ஊர் உள்ளது. அங்கே மின்பொருள் கடை வைத்திருந்த ஜான் வால்சன் மின்கம்பத் தொழிலாளியாகவும் வேலை பார்த்தவர். கடைக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வரவழைத்தார், ஒன்றும் விற்கவில்லை. ஃபிலடெல்ஃபியா நிலையத்தின் அலைகளை மலை மறித்தது. ஊர் பள்ளத்தில் இருந்தது. படம் மேலே வானத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் மலையுச்சியில் ஓர் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து கம்பி இழுத்து ஊருக்குள் படத்தை இறக்கினார். இது 1948-இல் என்பது அவர் கூற்று. அதே ஆண்டு நவம்பரில், நாட்டின் மறுகோடியான ஆரிகான் மாநிலத்து அஸ்டோரியா ஊரில் எட் பார்சன்ஸ் என்பவர் ஓர் ஓட்டலின் உச்சியில் ஆன்டெனா கட்டி, தொலைவிலிருந்த சியாட்டில் நிலையத்தின் படத்தைத் தம் வீட்டுக்கு இறக்கினார். பின்னர் அக்கம்பக்கத்தார் கேட்கக் கேட்க அவர்கள் வீடுகளுக்கும் கம்பி நீண்டது. இருவருள் முந்தியவர் யார் என்ற வழக்கு இன்றும் உண்டு. வால்சனுடைய தொடக்ககாலப் பதிவேடுகள் தீயில் எரிந்துவிட்டன. ஆதலால் அவர் சொன்ன நாளை ஐயமற நிறுவ இயலவில்லை. செய்த வேலையை எழுதி வைக்காமலும், எழுதியதைக் காக்க முடியாமலும் வரலாற்றில் இடம் இழந்தவர்களின் வருத்தம் நமக்குப் புதிதன்று.

1948 செப்டம்பர் 30-இல் அந்நாட்டின் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதாமல் பங்கிட வேண்டும் என்பது காரணம். சில மாதங்களில் முடியும் என்று எண்ணிய தடை 1952 ஏப்ரல் வரை நீண்டது. அந்த மூன்றரை ஆண்டுகளில் நிலையமற்ற சிற்றூர்களில் பொது ஆன்டெனா அமைப்புகள் பல தோன்றின. 1950-இல் பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் என்பார் மில்டன் ஷாப்பின் ஜெரால்டு நிறுவனக் கருவிகளைக் கொண்டு முறையான தொழிலாக இதை நடத்தினார். அந்த ஷாப் பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநரானார். 1952-இல் நாடு முழுவதும் இத்தகைய அமைப்புகள் 70. அவற்றின் சந்தாதாரர் 14,000 பேர்.

இந்த அமைப்பின் உடற்கூறு முக்கியம். மலையுச்சியிலிருந்து புறப்படும் அலை கம்பியில் செல்லச் செல்ல நலிகிறது. ஆதலால் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு பெருக்கிக் கருவி வைத்து அதற்கு வலுவூட்டுவர். ஒரு பெருக்கியின் பின் இன்னொன்று, அதன்பின் இன்னொன்று என்று வரிசை நீளும். இந்தப் பெருக்கிகள் யாவும் ஒரு திசையையே அறிந்தவை. மேலிருந்து வருவதை வாங்கிக் கீழே தள்ளும். கீழிருந்து மேலே செல்ல அவற்றில் வாயில் இல்லை. திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கிக் குழாயின் எதிரே நின்று எவ்வளவு உரக்கப் பேசினாலும் மேடைக்குக் கேட்காது என்பது போன்ற நிலை. 1975-இல் எச்.பி.ஓ. நிறுவனம் மணிலாவில் நடந்த முகமது அலி, ஜோ ஃபிரேசியர் குத்துச்சண்டையைச் செயற்கைக்கோள் வழியே கேபிள் நிலையங்களுக்கு நேரடியாகக் கொடுத்தபோது இத்தொழில் பேருருக் கொண்டது. மலை மறைத்த சிற்றூர்களின் தேவையாகப் பிறந்தது, மாநகரங்களும் வேண்டி நிற்கும் வாணிகமாயிற்று. ஆயினும் திசை மாறவில்லை.

மாற்ற முயலாமல் இல்லை. பெருநகரப் பகுதிகளில் புதிதாக அமையும் கேபிள் அமைப்புகள் இருவழிச் செய்திக்கு இடம் தரவேண்டும் என்று ஆணையம் 1972-இல் விதி செய்தது. பெருக்கிப் பெட்டிக்குள் திரும்பு வழிக் கருவிக்கு இடம் விட்டார்கள். கருவியைப் பெரும்பாலும் வைக்கவில்லை. விதி தாளிலும், இடம் பெட்டியிலும் வெறுமையாக இருந்தன. 1977 டிசம்பரில் ஒகாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வார்னர் நிறுவனம் கியூப் என்ற பெயரில் மெய்யான இருவழி அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. வீட்டாரின் கையில் பொத்தான்கள் கொண்ட பெட்டி. அவற்றில் ஐந்து பொத்தான்கள் விடை கூறுவதற்கானவை. திரையில் தோன்றும் கேள்விக்கு ஒன்றை அழுத்தினால் நிலையத்துக் கணிப்பொறி சில விநாடிகளில் எண்ணிக் கணக்குச் சொல்லும். மக்கள் வியந்தனர். செலவுதான் கட்டுப்படவில்லை, 1984-இல் அது மூடப்பட்டது. கியூப்பைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. எம்முடைய கருத்து வேறு. பிறர் கேட்ட கேள்விக்குப் பிறர் வகுத்த ஐந்து விடைகளுள் ஒன்றைத் தொடுவது பேச்சாகாது. தன் கேள்வியைத் தானே கேட்க அதில் பொத்தான் இல்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு வழக்கு எழுந்தது. நகராட்சிகள் கேபிள் நிறுவனங்களுக்குத் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமையை ஏலம் போட்டாற்போல் வழங்கிக்கொண்டிருந்தன. நிறுவனம் கணக்குப் பார்க்கும் இயல்புடையது. வருவாயுள்ள வட்டாரத்துக்கு முதலில் கம்பி. வறியோர் வாழும் வட்டாரத்துக்குக் கடைசியில், அல்லது இல்லவே இல்லை. அமெரிக்க மாநகரங்களில் வறியோர் வட்டாரம் என்றால் பெரும்பாலும் கறுப்பர் வட்டாரம். முன்பு வீட்டுக்கடன் கொடுக்கும்போது வரைபடத்தில் அவ்வட்டாரங்களைச் சிவப்புக் கோடிட்டு ஒதுக்கிய வழக்கம் அங்கே உண்டு. கேபிளிலும் அச்சிவப்புக் கோடு வந்துவிடும் என்று பலர் எச்சரித்தனர். அதன் பயனாக 1984-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது. உரிமம் வழங்கும் அமைப்பு, ஒரு பகுதியில் வாழ்வோரின் வருமானத்தைக் காரணமாக்கி எந்தக் குடியிருப்புக் கூட்டத்துக்கும் கேபிள் வசதி மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். இது தொலைக்காட்சி பற்றிய சட்டம்தானே என்று அன்று கருதியிருக்கலாம். ஆனால் எந்தத் தெருவில் கம்பி கிடந்ததோ அந்தத் தெருவுக்கே பின்னாளில் கேபிள் வழி இணையமும் வந்தது. பொழுதுபோக்குக்காகப் போட்ட கம்பியே அறிவுக்கும் வேலைக்கும் வாயிலாகும் என்பதை 1984-இல் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். வீட்டுக் கணிப்பொறி முதலில் பேசியது தொலைபேசிக் கம்பியில். கணிப்பொறியின் எண்களை அலையின்மீது ஏற்றுவதும், வந்த அலையிலிருந்து இறக்குவதும் ஒரே கருவியின் வேலை. ஏற்றுவது மாடுலேட்டர், இறக்குவது டிமாடுலேட்டர். இரு பெயர்களின் முற்பகுதிகளைச் சேர்த்து மோடம் என்றனர். மனிதக் குரலுக்கென அமைந்த தொலைபேசி வழியில் 1998-இல் எட்டிய உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட்டு. கேபிளில் ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஒதுக்கிய 6 மெகா ஹெர்ட்சு இடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட்டு செல்லும். 38,000-ஐ 56-ஆல் வகுத்துப் பார்க்க. அறுநூறு மடங்குக்கு மேல் வரும். அத்தனையும் ஒரு வீட்டுக்குக் கிடையாது. ஒரு வட்டாரமே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் தொலைபேசியில் பன்னிரண்டு நிமிடம் இறங்கிய 5 மெகாபைட்டுப் பாட்டு, கேபிளில் அரை நிமிடத்துக்குள் இறங்கிற்று.

கீழே வருவது எளிது. மேலே அனுப்புவதே சங்கடம். திரும்பு வழிக்கு ஒதுக்கப்பட்டது 5 முதல் 42 மெகா ஹெர்ட்சு வரையிலான குறுகிய பட்டை. கீழ்நோக்கிய வழிக்கோ 54-இல் தொடங்கி நூற்றுக்கணக்கான மெகா ஹெர்ட்சு. அந்தக் குறுகிய பட்டையிலேதான் சிற்றலை வானொலியும், பொழுதுபோக்கு வானொலியாளர் அலைகளும், வீட்டு மோட்டார்களின் பொறியிரைச்சலும் உலவுகின்றன. ஒரு வீட்டில் திருகாணி தளர்ந்திருந்தாலும், ஓர் எலி உறையைக் கடித்திருந்தாலும் இரைச்சல் உள்ளே புகும். பல வாய்க்கால்கள் ஓர் ஏரியில் கலக்கும்போது ஒவ்வொரு வாய்க்காலின் குப்பையும் ஏரிக்கே வந்து சேர்வதுபோல, நூற்றுக்கணக்கான வீடுகளின் இரைச்சல் அனைத்தும் தலைமை நிலையத்தில் குவிந்தது. கீழ்நோக்கிச் செல்கையில் ஒரு வீட்டின் குறை அவ்வீட்டைத்தான் கெடுத்தது. மேல்நோக்கி வருகையில் ஒரு வீட்டின் குறை தெருவையே ஊமையாக்கிற்று.

இதற்குத் தீர்வு வேறொரு நோக்கத்தோடு வந்தது. 1980-களின் இறுதியில் ஏ.டி.சி. என்னும் கேபிள் நிறுவனத்துப் பொறியாளர் ஜிம் சிடிக்சும் அவர் தோழர்களும், நீண்ட பெருக்கி வரிசையால் படம் கெடுவதைத் தவிர்க்க வட்டாரம் வரையில் கண்ணாடி இழையையும், அங்கிருந்து வீடு வரையில் பழைய கம்பியையும் பயன்படுத்தும் கலப்பு முறையை வகுத்தனர். அவர்கள் நாடியது தெளிவான படம். ஆனால் ஊர் முழுவதும் ஒரே ஏரியாக இருந்தது, ஐந்நூறு முதல் இரண்டாயிரம் வீடுகள் வரை கொண்ட சிறு குளங்களாகப் பிரிந்ததால் இரைச்சலும் அந்த அளவுக்குள் அடங்கிற்று. திரும்பு வழி உயிர்பெற்றது.

மோடத்தை வீட்டுக்கேற்ற பண்டமாக்கியதில் முதற்பெயர் ரூஸ்பே யாசினி. ஈரானிலிருந்து மாணவராக அமெரிக்கா சென்று மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றவர். 1990-இல் லான்சிட்டி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் செய்த கருவிகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர், வீட்டுக்கு ஆகாது. சில ஆண்டுகளில் மூன்று தலைமுறைக் கருவிகளைச் செய்து விலையைச் சில நூறு டாலருக்கு இறக்கினார். 1996-இல் அந்நிறுவனம் பே நெட்வொர்க்ஸ் வசமாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மொழி பேசும் மோடம் செய்துகொண்டிருந்ததால், ஓர் ஊரில் வாங்கிய மோடம் அடுத்த ஊரில் பயனற்றுப் போயிற்று. கேபிள் நிறுவனங்கள் கூடிப் பொதுவிதி வகுத்தன. டாக்சிஸ் எனப்படும் அவ்விதி 1997 மார்ச்சில் வெளியாயிற்று. அதன்படி தேர்வாகிச் சான்று பெற்ற மோடங்கள் 1999-இல் கடைக்கு வந்தன. யாசினி இவ்விதியை உருவாக்குவதிலும் உடனிருந்தார்.

மோடம் எவ்வாறு சேர்கிறது என்பதை வகுப்பறையை வைத்தே விளக்கிவிடலாம். மின்சாரம் பெற்றவுடன் மோடம் பேசத் தொடங்காது, முதலில் கேட்கும். கம்பியிலுள்ள அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவித் தலைமை நிலையத்தின் குரலைக் கண்டுபிடிக்கும். எந்த அலைவெண்ணில் மறுமொழி சொல்ல வேண்டும் என்பதை அக்குரலே அறிவிக்கும். பின்னர் மெல்லிய ஒலியில் ‘உள்ளேன்’ என்று சொல்லும். நிலையத்துக்கு எட்டாவிட்டால் சற்று உரக்கச் சொல்லும். கடைசிப் பெஞ்சுப் பையனிடம் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் ‘உரக்கச் சொல்’ என்றும், முதல் பெஞ்சுப் பையனிடம் ‘கத்தாதே’ என்றும் சொல்வதுபோல, நிலையம் ஒவ்வொரு மோடத்தின் வலிமையையும் நேரத்தையும் திருத்தும். தொலைவிலுள்ள வீட்டின் குரல் வந்துசேரச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகுமாதலால், அது முன்கூட்டியே பேசப் பழக வேண்டும். இது முடிந்தபின் மோடத்துக்கு ஒரு முகவரியும், எவ்வளவு வேகம், என்ன உரிமை என்ற குறிப்பேடும் கிடைக்கும். அப்போதுதான் விளக்கு நிலைத்து எரியும்.

சேர்ந்தபின்பும் நினைத்தபோது பேச முடியாது. கை தூக்க வேண்டும். நிலையம் ‘இன்ன நேரத்தில் நீ’ என்று முறை கொடுக்கும். இரு மோடங்கள் ஒரே கணத்தில் கை தூக்கினால் இரண்டும் வீண். ஆளுக்கொரு கால அளவு காத்திருந்து மீண்டும் தூக்க வேண்டும். இந்தக் காத்திருக்கும் கலையின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து நார்மன் ஏப்ரம்சனும் குழுவினரும் தீவுகளிலிருந்த கணிப்பொறி முனைகளை வானொலியால் ஹொனலூலுவோடு இணைத்த அலோஹா வலையில் கண்ட முறை அது. சத்தமாகப் பேசுபவனுக்கே முறை என்றில்லாமல் கைதூக்கிய எல்லோருக்கும் முறை உண்டு என்பதால் எமக்கு அம்முறைமேல் தனிப்பிரியம் உண்டு.

1995-இல் தோன்றிய ஆட்ஹோம் என்னும் நிறுவனம், நாசா நிறுவனத்தில் வலைப்பணி ஆற்றிய மைலோ மெடினின் தொழில்நுட்பத் தலைமையில், 1996-இல் கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் வீடுகளுக்கு இச்சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் மோடத்தை வீட்டார் தாமே பொருத்துவதில்லை. நிறுவனத்து ஆள் வந்து கம்பியைச் சோதித்து, கணிப்பொறியைத் திறந்து ஈதர்நெட் அட்டை செருகி, மென்பொருள் ஏற்றிவிட்டுப் போவார். எந்நேரமும் இணைப்பு உண்டு. தொலைபேசி மணி அடித்தாலும் அறுபடாது. அதோடு ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. தெரு முழுவதும் ஒரே வலையில் இருந்ததால், தன் கணிப்பொறியின் கோப்புகளைப் பூட்டாமல் வைத்தவரின் கோப்புகளை அடுத்த வீட்டார் தம் திரையிலேயே பார்க்க முடிந்தது. மறையீடும் வடிகட்டலும் வந்த பின்னர்தான் அது நின்றது. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் வேகம் தளர்ந்தது. இதைத் தொலைபேசி நிறுவனங்கள் தம் விளம்பரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. ஆட்ஹோம் 1999-இல் எக்சைட்டோடு இணைந்து, 2001-இல் நொடித்துப்போயிற்று. கேபிள் நிறுவனங்கள் தாமே இணையத்தை நடத்தத் தொடங்கின.

இங்கேதான் பெரிய கேள்வி எழுந்தது. கம்பி ஒரு நிறுவனத்துடையது. அந்தக் கம்பியில் பிற நிறுவனங்களும் இணையச் சேவை தரலாமா? தொலைபேசிக் கம்பி பொதுவழி. அதன் உடையவர் யாரையும் தடுக்கலாகாது என்பது பழைய சட்டம். கேபிள் மோடம் சேவை அவ்வகையினது அன்று, அது தகவல் சேவையே என 2002-இல் ஆணையம் அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சிறு இணைய நிறுவனமான பிராண்ட் எக்ஸ் இதை எதிர்த்தது. 2005 ஜூன் 27-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கறுப்பினத்தவரான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். மாறுபட்ட நீதிபதி ஸ்கலியா, பீட்சாவை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் கடைக்காரர் ‘நான் கொண்டுவந்து தருவதில்லை’ என்று சாதிக்க முடியுமா என்று கேட்டார். எமக்கும் அக்கேள்வியே நியாயமாகப் படுகிறது. தீர்ப்பின் விளைவாக, கம்பியை உடையவரே சேவையும் தருபவரானார். பல ஊர்களில் வீட்டாருக்கு ஒரே ஒரு கேபிள் நிறுவனம்; வேண்டுமா வேண்டாவா என்பதைத் தவிர வேறு தெரிவு குறைவு.

நம் நாட்டில் இக்கம்பியின் பயணம் வேறு. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போர்ச் செய்திகளுக்குப் பின் தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் தோன்றினர். ஒரு சிறு அறையில் கண்ட்ரோல் ரூம், மாடியில் வட்டத் தட்டு, மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம் கம்பி. 1995-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தும் ஒன்றையொன்று சந்திக்க நெடுநாள் ஆயிற்று. கேபிள்காரர்களின் பெருக்கிகள் ஒருவழிப் பெருக்கிகள். அவற்றை மாற்ற முதல் இல்லை. மாநகரங்களின் சில பகுதிகளில் கேபிள் மோடம் வந்தது. பல இடங்களில் கேபிள்காரர்கள் அதே மாடிகளின் வழியே தனியாக ஈதர்நெட் கம்பி இழுத்தே இணையம் கொடுத்தனர். 2004-இல் அகல அலைவரிசைக் கொள்கை வகுத்தபோது விநாடிக்கு 256 கிலோபிட்டே போதிய வேகமாகக் கொள்ளப்பட்டது. பின்னர்க் கைப்பேசியும் கண்ணாடி இழையும் முந்திக்கொண்டன. கம்பி எந்தத் தெருவின் முனையோடு நின்றது என்பதை அவரவர் ஊரில் நடந்து பார்த்தவர் அறிவர்.

அமெரிக்காவில் 2011-இல் காம்காஸ்டு நிறுவனம் என்.பி.சி. யுனிவர்சலை வாங்க அரசின் இசைவு பெற்றபோது அளித்த உறுதிகளுள் ஒன்று, வறிய குடும்பங்களுக்கு மாதம் 9.95 டாலருக்குக் கேபிள் இணையம் தருவது. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் தகுதியுள்ள பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். மதிய உணவுப் பதிவேட்டை நாள்தோறும் கையாளும் எம்மைப் போன்றோர்க்கு அந்த அளவுகோலின் பொருத்தம் உடனே விளங்கும். ஆனால் முந்தைய 90 நாட்களில் அந்நிறுவனத்தின் இணைய இணைப்பு வைத்திருந்தவருக்குக் கிடையாது என்றும் விதி இருந்தது. பட்டினி கிடந்து முழுக் கட்டணம் கட்டி வந்த தாய் தகுதியிழந்தாள். கட்டாதவள் தகுதி பெற்றாள்.

2020 ஆகஸ்டில், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கலிஃபோர்னியாவின் சலீனாஸ் நகரில் இரு சிறுமியர் ஓர் உணவுக் கடையின் வெளியே நடைபாதையில் அமர்ந்து, கடையின் வைஃபையில் பாடம் படித்த படம் நாடெங்கும் பரவியது. சலீனாஸ் காய்கறி வயல்களுக்கும் அவற்றில் உழைக்கும் தொழிலாளருக்கும் பெயர்போனது. கணிப்பொறித் தொழிலின் தலைநகரான சிலிக்கன் பள்ளத்தாக்கு அங்கிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது.

2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், அகல அலைவரிசை வசதியில் வருமானம், இனம், மரபு, நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க விதி செய்யுமாறு ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. 1984-ஆம் ஆண்டு விதியில் வருமானம் என்ற ஒரு சொல்லே இருந்தது. மற்றச் சொற்கள் வந்து சேர 37 ஆண்டுகள் ஆயின. அதே சட்டத்தின்கீழ் வறிய குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலரும், பழங்குடியினர் நிலங்களில் 75 டாலர் வரையிலும் அரசே ஏற்றது. அதில் சேர்ந்த குடும்பங்கள் 2 கோடியே 30 இலட்சத்துக்கு மேல். ஒதுக்கிய பணம் தீர்ந்தது; மேற்கொண்டு பணம் ஒதுக்க நாடாளுமன்றம் இசையவில்லை. 2024 ஜூன் முதல் நாள் அத்திட்டம் முடிந்தது. கம்பி அந்த வீடுகளின் சுவரில் அப்படியே இருக்கிறது. கட்டணம் கட்ட இயன்றவர் வீட்டில் மோடத்தின் விளக்கு எரிகிறது.